நாஸ் பெட்டி படுத்துவிட்டால்: ரெய்ட் டிஸ்க்குகளிலிருந்து தரவை மீட்பது எப்படி

இலங்கையின் மலைநாட்டில் நாஸ் பெட்டிகள் படுக்கிற காலம் சொல்லிவைத்தாற்போல் வரும். மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை இறங்கும். ஒரு வெட்டு வெட்டும், கரண்ட் போய் வரும். மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் மட்டும் விளக்கு எரியாது, அல்லது எரிந்த விளக்கு செம்மஞ்சளில் நின்றுவிடும். உள்ளே இருப்பது ஒரு ஸ்டூடியோவின் பத்து வருடக் கல்யாணப் படங்களாக இருக்கலாம், தோட்டப் பாடசாலையின் பரீட்சைத் தாள்களாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காகவும் இருக்கலாம்.

நாஸ் என்பது வலையமைப்பில் இணைத்த ஒரு சின்னக் கணினிதான். உள்ளே 2 அல்லது 4 வன்தட்டுகள் (டிஸ்க்குகள்), அவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் ரெய்ட் அமைப்பு, பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம். பெட்டி, டிஸ்க், ரெய்ட் ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள், தனித்தனியாகவே கெடும். பெட்டி செத்தாலும் தரவு அநேகமாக டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அது உண்மையில் அழிவது பெரும்பாலும் மறுநாள், யாராவது ஒருவர் ‘ரிப்பேர்’ பட்டனை அழுத்தும்போது. கீழே வருகிற எல்லாமே ஒரே விதியில் தொங்குகின்றன: பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்தும் புதிதாக எழுதப்படக்கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

பெட்டியை நிறுத்துங்கள். வருகிறதா என்று பத்துத் தடவை போட்டுப் போட்டு அணைக்காதீர்கள். தரவைப் படிக்கும் தலை பழுதான டிஸ்க்குக்கு ஒவ்வொரு முறை சுழலத் தொடங்குவதும் ஒரு அடி. டிஸ்க்குகளைக் கழற்றுமுன் பெட்டியின் எந்தத் தட்டில் எது இருந்தது என்று மாஸ்கிங் டேப்பில் 1, 2, 3, 4 எழுதி ஒட்டுங்கள். டிஸ்க்கின் மேலே இருக்கும் சீரியல் இலக்கத்தோடு போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். டேப் கழன்றாலும் படம் இருக்கும்.

பிறகு மூன்று தடைகள். பெட்டி திறந்து ‘ரீபில்ட்’, ‘இனிஷியலைஸ்’, ‘ரீஇன்ஸ்டோல்’ என்று எது கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம். கழற்றிய டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டினால் ‘இதை ஃபோர்மட் செய்ய வேண்டும்’ என்று அது சொல்லும். விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) புரியாததுதான் காரணம், டிஸ்க்கில் குறை என்று அர்த்தமில்லை. வேண்டாம் என்று மூடிவிடுங்கள். மூன்றாவது, பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் குண்டூசி விடாதீர்கள். எத்தனை விநாடி அழுத்தினால் என்ன நடக்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறு.

ரீபில்ட் ஏன் இவ்வளவு ஆபத்து? ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்ட் 5 வகையில் ஒன்று போய், புது டிஸ்க்கைப் போட்டு ரீபில்ட் கொடுத்தால், மிச்சமுள்ள எல்லா டிஸ்க்கையும் அது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படிக்கும். அந்த டிஸ்க்குகள் அநேகமாக ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. வயதும் உழைப்பும் ஒன்று. வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் படிக்க முடியாத ஒரு செக்டர் (டிஸ்க்கில் தரவு இருக்கும் சின்னத் துண்டு) ஒளிந்திருந்தால், அது வெளியே வருவது அந்தப் பத்து மணி நேரத்தில்தான். இரண்டாவது டிஸ்க்கும் விழுந்தால் ‘வொல்யூம் க்ராஷ்ட்’: எல்லா டிஸ்க்கும் சேர்ந்த தரவுப் பகுதியே திறக்காது. நல்ல நகல் கையில் இருந்தால் ரீபில்ட் சாதாரண வேலை. இல்லாவிட்டால் சூதாட்டம்.

எது கெட்டது?

மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள். ரவுட்டரை மாற்றினீர்களா? பழைய ரவுட்டர் 192.168.1.1 என்ற முகவரியில் இருந்திருக்கும். 4ஜி ரவுட்டர்கள் பல 192.168.8.1 என்று வரும். நாஸுக்கு நிலையான ஐபி கொடுத்திருந்தால் அது பழைய தெருவிலேயே நின்றுகொண்டிருக்கும், ஒருவரும் போய்ப் பார்க்க முடியாது. பெட்டியில் விளக்குகள் சாதாரணமாக எரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒரு லெப்டொப்பை நேரடியாக லேன் கேபிளால் இணைத்து, அதற்கும் 192.168.1 வரிசையில் ஒரு முகவரி கொடுத்தால் பெட்டி அகப்பட்டுவிடும்.

மின்னல் பெரும்பாலும் கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. செம்புத் தொலைபேசிக் கம்பியால் ரவுட்டருக்குள் வந்து, அங்கிருந்து லேன் கேபிளால் நாஸுக்குள் ஏறும். லேன் துளை மட்டும் கருகி மற்றதெல்லாம் நலமாக இருக்கும் பெட்டிகள் உண்டு. எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் சர்ஜ் புரொடெக்டர் போட்டும் பெரிய பயனில்லை. அது மிகைமின்னை இறக்கிவிட வேண்டிய வழியே அங்கே இல்லை.

விளக்கே இல்லையென்றால் அடப்டர். சிறிய நாஸ் பெட்டிகள் பல 12 வோல்ட்டில் ஓடும். அடப்டரின் லேபிளைப் படியுங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுவது மட்டும் போதாது. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 8. தளர்ந்த அடப்டர் சும்மா இருக்கும்போது 12 காட்டும், சுமை ஏறியதும் சரியும், அந்தச் சரிவில் ஒன்றிரண்டு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்று விழும். அப்போது பெட்டி ‘டிஸ்க் பழுது’ என்று சொல்லும்; பழுது அடப்டரில்தான். மாற்று அடப்டருக்கு அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதலான ஆம்பியர், அதே முனை வேண்டும். ரவுட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடப்டர் துளைக்குள் அழகாகப் போகும், ஆனால் தாங்காது. லெப்டொப்பின் 19 வோல்ட் அடப்டரை 12 வோல்ட் பெட்டியில் சொருகினால் பெட்டியோடு டிஸ்க்கும் போய்விடலாம்.

அடப்டர் சரியென்றால் எல்லா டிஸ்க்கையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டியைப் போடுங்கள். பெட்டி உயிர்த்து ‘டிஸ்க் இல்லை’ என்று சத்தமிட்டால், ஏதோ ஒரு டிஸ்க்தான் மின்சாரத்தைக் கீழே இழுக்கிறது. வெறும் பெட்டியும் எழும்பாவிட்டால் அதன் போர்ட் (சுற்றுப்பலகை) போயிருக்கிறது, டிஸ்க்குகள் நலமாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. இதற்குப் பேர்பெற்ற உதாரணம் இன்டெல் ஆட்டம் சி2000 சிப். அதன் கடிகார சிக்னல் சில வருடங்களில் நின்றுபோகும் குறையை இன்டெல் 2017இல் வெளியிட்டது. நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்415 பிளஸ், டிஎஸ்1515 பிளஸ், டிஎஸ்1815 பிளஸ் மாடல்களில் அந்தச் சிப்தான் இருந்தது. நேற்று வரை ஓடிய பெட்டி, அணைத்துப் போட்டதும் நீல விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றுவிடும்.

பெட்டி மட்டும் போய், டிஸ்க்குகள் நலம் என்று உறுதியானால் மிக எளிய வழி அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டி. டிஸ்க்குகளை அதே வரிசையில் போட்டால் அது பழைய அமைப்பை அடையாளம் கண்டு ‘மைக்ரேட்’ என்று கேட்கும். ‘மைக்ரேட்’டுக்குப் பக்கத்திலேயே ‘எரேஸ்’ அல்லது ‘க்ளீன் இன்ஸ்டோல்’ என்றும் ஒரு தெரிவு இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அழுத்துங்கள். பழைய பெட்டியில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்திருந்தால், அது தெரியாத மலிவு மாடலில் வொல்யூம் திறக்காது. மைக்ரேட் செய்யும்போது இயங்குதளப் பகுதியில் எழுத்து நடக்கும் என்பதால், டிஸ்க்கில் சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் இந்த வழி வேண்டாம்.

டிஸ்க்குக்குக் காது கொடுங்கள்

ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாக ஒரு டெஸ்க்டொப் கணினியில் மாட்டிக் கேளுங்கள். சீரான சுழற்சிச் சத்தம், ஆரம்பத்தில் ஒன்றிரண்டு மெல்லிய தட்டல் என்றால் நல்லது. ‘டக், டக், டக்’ என்று ஒரே தாளத்தில் அடித்துவிட்டு நின்றால் தலை பழுது. பூச்சி போல மெல்லக் கீச்சிட்டு சுழலாமல் இருந்தால் தலை, டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டர் இறுகியிருக்கலாம். உரசும் சத்தம் வந்தால் அந்த விநாடியே கரண்ட்டைப் பிடுங்குங்கள். தட்டின் மேலிருக்கும் காந்தப் பூச்சு அப்போது பொடியாகிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்று சத்தங்களில் எதற்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது.

சத்தம் நன்றாக இருந்தால், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். நீண்ட பட்டியல் வரும். புதியவர்களுக்கு நான்கு வரி போதும். 5ஆம் இலக்கம், டிஸ்க் தானே கைவிட்டு மாற்றிவைத்த செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, படிக்கவே முடியாது என்று தீர்ப்பானவை. 199, கேபிளில் வந்த பிழைகள். 197இல் பூச்சியத்தை விடக் கூடுதலாக எது இருந்தாலும் அந்த டிஸ்க்கை முதலில் நகலெடுங்கள். 199 மட்டும் உயர்ந்து மற்றவை பூச்சியமாக இருந்தால் டிஸ்க் நலம். கேபிளோ, நாஸ் பெட்டியின் உட்தொடுப்போ அழுக்காகவோ ஈரமாகவோ இருக்கிறது. நுவரெலியா பக்கம் மூடுபனி வீட்டுக்குள் நுழையும் அறைகளில் அந்தத் தொடுப்பில் பச்சை படிவது உண்டு.

ஒரு பக்கக் குறிப்பு: உயரம் டிஸ்க்கைக் கெடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். தலை காற்றில் மிதப்பதால் உயரத்துக்கு ஓர் எல்லை இருப்பது உண்மைதான். ஆனால் சாதாரண டிஸ்க்குகளுக்கு அது ஏறக்குறைய 3,000 மீற்றர். பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான்.

மின்னலடித்த டிஸ்க் அசையவே அசையாவிட்டால் அதன் அடியிலுள்ள பச்சை போர்ட்டில் பாதுகாப்பு டயோட் ஒன்று தன்னைப் பலி கொடுத்திருக்கலாம். சோல்டரிங் தெரிந்த ஒருவர் அதைச் சோதித்துக் கழற்றி டிஸ்க்கை எழுப்பிவிட முடியும். பாதுகாப்பில்லாமல் ஓடும் அந்த டிஸ்க்கை நல்ல பவர் சப்ளையில் ஒரே ஒரு முறை நகலெடுக்க மட்டும் பாவிக்க வேண்டும். அதே மாடலின் வேறு போர்ட்டை மாட்டினால் போதும் என்பது பழைய காலத்துக் கதை. இப்போதைய போர்ட்டில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவுகள் எழுதிய சிப் இருக்கிறது. அதையும் பெயர்த்து மாற்றாவிட்டால் டிஸ்க் தன் தட்டையே படிக்காது.

என்ன ரெய்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு டிஸ்க் பெட்டியென்றால் பெரும்பாலும் ரெய்ட் 1: இரண்டிலும் ஒரே பிரதி. ஒன்று நலமாக இருந்தாலே முழுத் தரவும் உண்டு. ரெய்ட் 0 என்றால் தரவைத் துண்டு துண்டாக இரண்டிலும் பகிர்ந்திருக்கும். ஒன்று போனால் உருப்படியாக எதுவும் மிஞ்சாது. மூன்று, நான்கு டிஸ்க் பெட்டிகளில் ரெய்ட் 5, அல்லது சினாலஜியின் சொந்த ரெய்ட் வகையான எஸ்எச்ஆர்.

ரெய்ட் 5ஐ இப்படி நினையுங்கள். மூன்று கொழுந்துக் கூடையின் மொத்த நிறை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, இரண்டு கூடையின் நிறையும் தெரியும் என்றால் காணாமற்போன மூன்றாவது கூடையின் நிறையைத் தராசில் ஏற்றாமலே சொல்லிவிடலாம். அந்த மொத்தம்தான் பாரிட்டி. ஒரு கூடை தொலைந்தால் கணக்கு வரும், இரண்டு தொலைந்தால் வராது. நான்கு 4 டெராபைட் டிஸ்க் போட்டால் 12 டெராபைட் கிடைப்பது இதனால்தான். ரெய்ட் 6இல் இரண்டு டிஸ்க் வரை தாங்கும்.

வேண்டிய சாமான்

நான்கு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய டெஸ்க்டொப் ஒன்று வேண்டும்: 4 முதல் 6 சாட்டா துளை (டிஸ்க்கை இணைக்கும் துளை), போதிய பவர் இணைப்பு. கேபிள்கள் கழன்று வரும் வகைப் பவர் சப்ளையில் வேறு பவர் சப்ளையின் கேபிளைச் சொருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் நான்கு டிஸ்க்கும் ஒரே நொடியில் எரியும். கணினியின் சொந்த விண்டோஸ் டிஸ்க்கை வேலை முடியும் வரை கழற்றி வையுங்கள், தவறுக்கு ஒரு இடம் குறையும்.

சாட்டா துளை இல்லாவிட்டால், டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பியால் கணினியோடு இணைக்கும் டொக். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை என்பதால் சொந்த அடப்டர் உள்ளதாக இருக்க வேண்டும். சில டொக்குகள் 512 பைட் செக்டரை 4,096 என்று மாற்றிக் காட்டும். அப்போது பார்ட்டிஷன் பட்டியலே குழம்பி ‘வெறும் டிஸ்க்’ என்று தெரியும். பயப்படாமல் வேறு டொக்கில் பாருங்கள். இரண்டு தட்டுள்ள டொக்கில் ‘க்ளோன்’ என்று ஒரு பட்டன் இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். டிஸ்க்குகளை இடம் மாற்றிப் போட்டு அதை அழுத்தினால் வெறும் டிஸ்க்கின் வெறுமை உங்கள் தரவின்மேல் ஏறும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு லைவ் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்), ஒரு யுபிஎஸ், நகலுக்கு வெற்று டிஸ்க். செலவு இந்தக் கடைசிச் சாமானில்தான். நான்கு 4 டெராபைட் டிஸ்க்கையும் முழுதாக நகலெடுக்க 16 டெராபைட் இடம் வேண்டும். ஸ்மார்ட் கணக்கு முற்றிலும் சுத்தமாக இருந்து, பெட்டி மட்டுமே போயிருந்தால் நகலைத் தவிர்த்து, எழுதாத முறையில் திறந்து கோப்புகளை மட்டும் பிரதியெடுப்பது நியாயமான துணிச்சல். ஒரு டிஸ்க்கிலாவது 197 எழும்பியிருந்தால் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

நகல்

கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. உபுண்டுவில் அதன் பொதியின் பெயர் முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். நடுவில் அடிக்கோடு போட்டு எழுதும் டிடி_ரெஸ்க்யூ வேறு கருவி, அதன் கட்டளைகள் வேறு.

சாதாரணமாகக் கோப்பைப் பிரதி செய்தால் ஒரு கெட்ட செக்டரில் கணினி மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அப்படியில்லை, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் அள்ளும், பிறகு திரும்பி வந்து கெட்டதைக் கிள்ளும். எது முடிந்தது, எது மிச்சம் என்று மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பைக் கட்டாயம் வேறொரு பென் டிரைவில் வையுங்கள். லைவ் உபுண்டுவின் முகப்பில் வைத்தால் கரண்ட்டோடு அதுவும் மறையும்.

கட்டளைக்கு மூன்று இடம்: முதலாவது மூலம், இரண்டாவது இலக்கு, மூன்றாவது மேப் கோப்பு. முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்ற பெயர்களை நம்பாதீர்கள்; கணினியை மறுபடி போடும்போது அவை மாறும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் சீரியல் இலக்கத்தைக் காட்டச் சொல்லி, டேப் ஒட்டிய இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசிக்க நீங்கள் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

முதல் சுற்றில் சிறிய ‘என்’ தெரிவைக் கொடுங்கள்: கெட்ட இடத்தைக் கிள்ளாதே என்று அர்த்தம். 4 டெராபைட் நல்ல டிஸ்க்குக்கு 8 முதல் 10 மணி நேரம் ஆகும். இரண்டாவது சுற்றில் ‘என்’ இல்லாமல், சிறிய ‘டி’யும் ‘ஆர் 3’உம்: நேரடி வாசிப்பு, மூன்று முறை முயற்சி. முப்பது, நாற்பது முறை முயற்சிக்கச் சொல்லி நோயாளியைச் சாகடிக்காதீர்கள். டிஸ்க்குக்கு நேரே ஒரு மின்விசிறி வையுங்கள். வேகம் திடீரென கிலோபைட்டுக்கு விழுந்து அங்கேயே நின்றால், அல்லது டக் டக் தொடங்கினால், நிறுத்திவிட்டு எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். 99.9 சதவீதம் வந்த நகல் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

டிஸ்க்கின் மேல் டிஸ்க்காக நகலெடுப்பதை விட, பெரிய டிஸ்க் ஒன்றில் இமேஜ் கோப்பாக (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) எடுப்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பு. இலக்கை ஈஎக்ஸ்டி4இல் ஃபோர்மட் செய்து, ‘தட்டு1’, ‘தட்டு2’ என்று பெயர் வையுங்கள்.

ரெய்டைக் கூட்டுதல்

சினாலஜி, இன்னொரு நாஸ் நிறுவனமான கியூநாப் உட்படப் பல பெட்டிகள் லினக்ஸின் எம்டி முறையில்தான் ரெய்டைக் கட்டுகின்றன. அதைக் கையாளும் கருவி எம்டிஏடிஎம். டிஸ்க் இடங்களைச் சேர்த்து ஒரே தொகுதியாக்கும் எல்விஎம் கருவியையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள். இமேஜ்களை எழுத முடியாத லூப் சாதனமாக (கோப்பை டிஸ்க் போலக் காட்டும் வழி) மாட்டினால் ஒவ்வொன்றிலும் பல பார்ட்டிஷன் தெரியும். சினாலஜியில் முதல் இரண்டும் இயங்குதளத்துக்கும் ஸ்வொப்புக்கும் உரியவை, எல்லா டிஸ்க்கிலும் ஒரே பிரதி. உங்கள் தரவு சாதாரண ரெய்ட் என்றால் 3ஆவதில், எஸ்எச்ஆர் என்றால் 5ஆவதிலும் அதற்கு மேலும். முதல் பார்ட்டிஷனைத் திறந்து பார்த்துவிட்டு ‘படங்கள் எல்லாம் போய்விட்டன’ என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

முதலில் ‘எக்ஸாமின்’ செய்யுங்கள். இது படிக்க மட்டுமே செய்யும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் வரிசை இலக்கம், ரெய்ட் மட்டம், துண்டின் அளவு, கூடவே ‘இவென்ட்ஸ்’ என்ற எண்ணைச் சொல்லும். ரெய்டில் நிலை மாறும்போதெல்லாம் கூடும் எண் அது. ஒரு டிஸ்க் கழன்று விழுந்தால் அதன் எண் மட்டும் அங்கேயே நிற்கும். உதாரணமாக நான்கில் எண்கள் 48210, 48210, 48207, 31877 என்று வந்தால் கதை தெளிவு. நான்காவது டிஸ்க் எப்போதோ விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது இப்போது விழுந்திருக்கிறது. 31877ஐ உள்ளே சேர்த்தால் பழைய தரவும் புதிய தரவும் கலந்து இரண்டும் கெடும். அதை விட்டுவிட்டு மற்ற மூன்றால் கூட்ட வேண்டும்.

மூன்றும் ஒரே எண்ணில் இருந்தால் ‘அசெம்பிள்’, ‘ரீட் ஒன்லி’, ‘ரன்’ ஆகிய தெரிவுகள் போதும். 48207 போலச் சிறிய இடைவெளி இருந்தால் ‘ஃபோர்ஸ்’ தேவைப்படும். ஃபோர்ஸ் டிஸ்க்கின் தலைப்புக் குறிப்பைத் திருத்தி எழுதும் என்பதால் மூல டிஸ்க்கில் அதைச் செய்யவே கூடாது. இமேஜின் இன்னொரு பிரதியிலோ, ஓவர்லே போட்டோ செய்யுங்கள்: எழுதுவதெல்லாம் ஒரு தனிக் கோப்புக்குள் போகும், அடியிலுள்ள இமேஜ் அசையாது. தவறினால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

‘க்ரியேட்’ என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். இணையத்தில் அந்த வழியைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் வரிசையோ துண்டின் அளவோ தரவு தொடங்கும் இடமோ ஒன்று பிசகினாலும் பழைய குறிப்பு அழிந்து, எது எங்கே இருந்தது என்று கேட்க ஆளில்லாமல் போகும்.

ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்த்தால் [யூயூயூ_] என்று தெரியும். அடிக்கோடு, இல்லாத டிஸ்க். அடுத்து எல்விஎம் தொகுதியை எழுப்புங்கள். எஸ்எச்ஆரில் இது கட்டாயம், பல ரெய்டுகளை அது ஒட்டி ஒன்றாக்கியிருக்கும். கடைசியாக மவுன்ட், அதாவது கோப்புகளைப் பார்க்கும்படி வொல்யூமைத் திறத்தல். இங்கே ஒரு நுணுக்கம்: ஈஎக்ஸ்டி4ஐ ‘ரீட் ஒன்லி’யாகத் திறந்தாலும், திடீரென கரண்ட் போன வொல்யூமில் அது ஜேர்னலை (முடியாத எழுத்துகளின் குறிப்பேட்டை) ஓட்டி எழுதப் பார்க்கும். ‘நோலோட்’ என்ற தெரிவையும் சேர்த்தால்தான் உண்மையாகவே எழுதாது. சினாலஜியின் பிடிஆர்எஃப்எஸ் வொல்யூமைப் புதிய கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) ஏற்க மறுத்தால் அதைக் கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள், உபுண்டு 18.04 போன்ற பழைய பதிப்பில் திறந்து பாருங்கள். கோப்பு முறைமையைத் திருத்தும் ‘எஃப்எஸ்சிகே’ ஓட்டுவதும் நகலின் நகலில் மட்டும்.

கியூநாப்பின் புதிய பெட்டிகள் எல்விஎம்மை மாற்றியமைத்துப் பாவிப்பதால் சாதாரண உபுண்டு ரெய்ட் வரை வந்து அங்கே நின்றுவிடும். அதற்கு இன்னொரு கியூநாப் பெட்டி, அல்லது யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற காசு கட்டும் மென்பொருள். அதன் சோதனைப் பதிப்பிலேயே கோப்புகளின் பெயர்களைப் பார்க்க முடியும். தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். கோப்புறையை மறையாக்கம் செய்திருந்தால் கடவுச்சொல்லோ சாவிக் கோப்போ இல்லாமல் எந்தக் கருவியும் உதவாது, அதைத் தேடிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தொலைந்த கோப்புகளைத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ரெய்ட் 5இன் ஒற்றை டிஸ்க்கில் ஓட்டுவது வீண் வேலை. துண்டு 64 கிலோபைட் என்றால் அதற்கு மேற்பட்ட படங்கள் எல்லாம் மேலே கொஞ்சம் மட்டும் தெரிந்து மிச்சம் கெட்டு வரும். கூட்டிய ரெய்டின்மேல் ஓட்டலாம். அங்கும் கோப்புப் பெயரும் கோப்புறையும் கிடைக்காது என்பதால் அது கடைசி வழி.

கொழும்புக்கு அனுப்புவதென்றால்

தலை பழுது, சுழலாத மோட்டர், ரெய்ட் தாங்குவதை விடக் கூடுதலான டிஸ்க்கில் பழுது என்றால் தூசியற்ற அறையுள்ள நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள்; தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இருப்பது சில நனோமீற்றர், ஒரு தூசு அங்கே பாறாங்கல். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம், வெளியே எடுத்ததும் தட்டில் நீர் கோக்கும்.

அதே நீர் மலைநாட்டு டிஸ்க்குக்கு இன்னொரு வழியிலும் வரும். நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் கிடந்த டிஸ்க்கை முதல் பஸ்ஸில் ஏற்றி கொழும்பின் புழுக்கத்தில் உடனே திறந்தால், குளிர்ந்த உலோகத்தில் வியர்வை போல ஈரம் படியும். டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு, அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஸிப் பையில் மூடுங்கள். போய்ச் சேர்ந்தபின் ஐந்தாறு மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டு, பிறகு திறந்து கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி 5 சென்டிமீற்றர் ஸ்பொஞ்ச் இருக்கட்டும். நிறுத்திய டிஸ்க் கினிகத்தேனை வளைவுகளின் குலுக்கலை நன்றாகவே தாங்கும். ஒன்றோடொன்று மோதுவதுதான் கூடாது. நான்கையும் அனுப்புங்கள், ‘கெட்டது’ என்று நீங்கள் நினைத்ததையும் சேர்த்து.

2025 நவம்பரில் வந்த டித்வா புயலின்போது போல வெள்ளமும் மண்சரிவும் வந்து டிஸ்க் நனைந்திருந்தால் வேறு முறை. கரண்ட் கொடுக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், ஹெயார் டிரையர் பிடிக்காதீர்கள். சேறு காய்ந்தால் தட்டில் ஒட்டிப்பிடிக்கும். ஈரத்தோடேயே பையில் மூடி அனுப்புங்கள், அங்கே கழுவுவார்கள்.

கொடுக்குமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை: முதலில் இமேஜ் எடுப்பீர்களா? தரவு வராவிட்டாலும் கட்டணம் உண்டா? திறந்தால் பிறகு டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா? கோப்புப் பட்டியலைக் காட்டிய பிறகு காசு வாங்குவீர்களா? ‘ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம்’ என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். நான்கு டிஸ்க்கைப் படிக்கவே ஒரு நாள் வேண்டும்.

வெளியே எடுத்தல்

மவுன்ட் ஆகி கோப்புறைகள் தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டாம். திருப்பிப் பெற முடியாததை முதலில் எடுங்கள்: கணக்கு, நோயாளர் பதிவு, ஒப்படைக்காத கல்யாணப் படம். பிறகு பழைய வருடங்கள், கடைசியில் பதிவிறக்கிய திரைப்படங்கள். ‘ஆர்சிங்க்’ கொண்டு பிரதி செய்தால் நடுவில் நின்றாலும் தொடரலாம். தமிழில் பெயரிட்ட கோப்புகள் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் அது எழுத்துருக் குறைதான், கோப்புக்கு ஒன்றுமில்லை.

கோப்புறையின் அளவு சரியாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். டிடிரெஸ்க்யூவால் படிக்க முடியாத செக்டர்கள் பூச்சியமாக நிரம்பியிருக்கும். கோப்பின் அளவு மாறாது, உள்ளே ஓட்டை இருக்கும். ஒவ்வொரு வருடத்திலும் இருபது, முப்பது படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள், வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள், கணக்கு மென்பொருளில் தரவுக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். வெளியே எடுத்ததை இரண்டு தனி டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். அதுவரை பழைய டிஸ்க்குகளை டேப் இலக்கத்தோடு அப்படியே மூடி வையுங்கள். மூன்று மாதம் கழித்து யாராவது ஒருவர் வந்து 2016இல் எடுத்த பூப்புனித நீராட்டுப் படம் கேட்பார். அது இல்லையென்று அப்போதுதான் தெரியவரும். அந்த மூன்று மாதமும் போனபின், 199 மட்டும் உயர்ந்திருந்த டிஸ்க்கைப் புதுக் கேபிளோடு வேறு வேலைக்கு எடுக்கலாம். 197 உயர்ந்திருந்ததைத் துளைபோட்டு ஒதுக்கிவிடுங்கள்.